தீபாவளிக்கு முன் இரண்டு மணி நேரம்: உதவித்தொகை பெறுபவர்கள் கூடுதல் வேலையை ஏன் மறுக்கிறார்கள்?

தேன்குழல், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆத்தா வீட்டு முற்றத்தில் தொடங்கிய பலகாரத் தொழிலை இப்போது நான் நடத்தி வருகிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் ஆகியவற்றைச் செய்வதற்கு எட்டுப் பெண்கள் வருகிறார்கள். எட்டு மணி நேரத்திற்கு நாள் கூலி 450 ரூபாய். தீபாவளிக்கு முந்தைய நாற்பது நாள்களில்தான் எங்கள் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி வருவதால், இவ்வாண்டு மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்து வேலை செய்தால் அந்த நேரத்திற்கு இரட்டைக் கூலி, அதாவது நாளொன்றுக்கு 225 ரூபாய் தருவதாகச் சொன்னேன். எட்டுப் பேரில் ஆறு பேர் மறுத்துவிட்டார்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, அரிசி இலவசம், பேருந்தும் இலவசம், பிறகு எதற்காக உழைப்பார்கள் என்று எங்கள் கடைத்தெருவில் பலரும் சொல்வதைத்தான் முதலில் நானும் நினைத்தேன். ஆனால் இதே பெண்கள் அடுப்பின் முன்னே எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவர்கள். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் காரணமின்றி விடுப்பு எடுக்காதவர்கள். எட்டு மணி நேரம் உழைப்பவருக்கு ஒன்பதாவது மணியில் மட்டும் சோம்பல் வருமா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. அரசு உதவிகள் உண்மையிலேயே வேலை நேரத்தைக் குறைக்கின்றனவா? தெரிந்தவர்கள் கணக்கோடும் அனுபவத்தோடும் எழுத வேண்டுகிறேன். யாரையும் இழித்துப் பேச வேண்டாம்.

கண்மாய்க்கரை, தேவகோட்டை வட்டம்

ஐயா, உங்களுக்கு இந்த ஆண்டு வந்த சிக்கல் எங்களுக்கு 2006-இலேயே வந்துவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் நமது சிவகங்கையும் ஒன்று. எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம். மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறோம். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் களை எடுக்க ஆள் கிடைக்கும் ஒரு வாரத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டு நெல் போய்விட்டது என்றே பொருள். அதே வாரத்தில் வரத்துக்கால் தூர்வாரும் வேலை நடந்தால் பெண்கள் அங்குதான் போகிறார்கள். 2025-26 ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். நான் 350 ரூபாயும் இரண்டு வேளைத் தேநீரும் தருகிறேன். ஆனாலும் ஆள் வருவதில்லை, ஏனென்றால் என் வயலில் குனிந்த முதுகு மாலை வரை நிமிராது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. இலகுவான வேலைக்கு ஏறத்தாழ அதே கூலி கிடைத்தால் நானும் அங்குதான் போவேன். ஆனால் உதவித் திட்டங்கள் உழைப்பைப் பாதிக்கவே இல்லை என்று யாராவது எழுதினால் அதை என்னால் ஏற்க முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோட்டையூர்

கண்மாய்க்கரை அவர்களின் வருத்தம் உண்மையானது. ஆனால் அவர் சொல்வதும் தேன்குழல் கேட்பதும் ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. நூறு நாள் வேலை என்பது வேலை செய்தால் மட்டுமே கிடைக்கும் கூலி. அது வேறு ஒருவர் தரும் வேலையோடு போட்டியிடுகிறது, வேலையின்மையை வளர்க்கவில்லை. அந்தப் போட்டியும் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. சட்டம் நூறு நாள் என்றாலும், நாட்டளவில் வேலை பெற்ற ஒரு குடும்பத்திற்குச் சராசரியாகக் கிடைத்தது அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது நாள்தான். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மாதக்கணக்கில் கூலி நிலுவையில் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பொருளியலாளர் கார்த்திக் முரளீதரன் உள்ளிட்டோர் ஆந்திரத்தில் இத்திட்டத்தின் நடைமுறை சீராக்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்தனர். ஏழைக் குடும்பங்களின் வருமானம் அங்கே உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும்பகுதி திட்டத்திற்கு வெளியே, தனியாரிடம் செய்த வேலையிலிருந்து வந்தது. தனியார் கூலி ஏறியது, ஆனால் தனியார் வேலை குறையவில்லை. பேசும் வலிமை தொழிலாளிக்குக் கொஞ்சம் கூடியது என்பதே நான் இதிலிருந்து புரிந்துகொண்டது. விவசாயிக்கு அது இழப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. நெல் விலையை அவர் நிர்ணயிக்க முடியாதபோது கூலி மட்டும் ஏறினால் அவர் என்ன செய்வார்?

தேன்குழலின் கேள்விக்கு வருகிறேன். ஓர் உதவி இரண்டு வழிகளில் வேலை நேரத்தைக் குறைக்கக்கூடும். கையில் ஏற்கெனவே பணம் இருப்பதால் ஒருவர் கொஞ்சம் ஓய்வெடுத்துக் கொள்வது ஒரு வழி. கூடுதலாகச் சம்பாதித்தால் இருக்கும் உதவி பறிபோகும் என்பதால் ஒதுங்கிக்கொள்வது மற்றொரு வழி. நம் ஊரில் எல்லோரும் முதல் வழியைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் அதற்கான சான்று மெலிந்தது. ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகராகுவா, பிலிப்பீன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் தரவுகளை பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மக்கள் வேலையைக் குறைத்தார்கள் என்பதற்கு முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1968 முதல் 1982 வரை நடந்த பண உதவிச் சோதனைகளில் வேலை நேரம் ஓரளவு குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே தரப்பட்ட தொகை பெரியது, வருமானம் ஏற ஏற அது வெட்டவும் பட்டது. எனவே இரண்டாவது வழியைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை, புதுவயல்

ஆசிரியை அம்மா சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் சில அரிசி ஆலைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் கணக்கு எழுதுபவன். இந்த வரம்புகளோடு அன்றாடம் பழகுகிறவன்.

முதலில் எந்த உதவிக்கு வரம்பு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மகளிருக்கான நகரப் பேருந்துப் பயணம் 2021 மே மாதம் முதல் கட்டணமில்லை. ஏறும் பெண்ணிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி 2011 ஜூன் முதல் கிடைக்கிறது. ஒரு பெண் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்ததற்காக அவளுடைய அரிசியை யாரும் நிறுத்துவதில்லை. பள்ளிச் சத்துணவும் அப்படியே. கூடுதல் உழைப்பு இவற்றை அசைப்பதில்லை.

மகளிர் உரிமைத் தொகைக்கு வரம்பு இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். நிலம் நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கருக்கு மேல் போகக்கூடாது. மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். இப்போது உங்கள் பலகாரக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 280 நாள், 450 ரூபாய் வீதம் 1,26,000. கணவர் வண்ணம் அடிப்பவர். மழை, ஆடி, மார்கழி எல்லாம் போக 150 நாள் வேலை, 800 ரூபாய் வீதம் 1,20,000. மொத்தம் 2,46,000, வரம்புக்குச் சற்றுக் கீழே. நீங்கள் தரும் கூடுதல் நேரத்திற்கு நாற்பது நாளில் அவருக்குக் கிடைப்பது 9,000 ரூபாய். அதைச் சேர்த்தால் 2,55,000, வரம்பைத் தாண்டிவிடுகிறது. உரிமைத் தொகை நின்றால் அவர் இழப்பது ஆண்டுக்கு 12,000. எண்பது மணி நேரம் எண்ணெய்ச் சட்டியின் முன்னே நின்று 3,000 ரூபாய் நட்டப்பட யார் ஒப்புவார்கள்?

இதில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைத் திறந்து பேசுவது சங்கடம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், மாதத்திற்குப் பத்தாயிரம். உங்கள் கூடத்தில் மாதம் 26 நாள் வேலை செய்யும் ஒருவரின் கூலியே 11,700. கணவர் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் அந்தக் குடும்பம் விதிக்கு வெளியே நிற்கிறது. ஆயினும் இதய அறுவை, சிறுநீரகம் என்று வந்தால் அந்த அட்டையைத் தவிர வேறு கதியில்லை என்பதால், வருமானச் சான்றில் எழுதப்படும் எண்ணும் உண்மையான எண்ணும் வெவ்வேறாக இருக்கின்றன. நடைமுறையில் யாரும் வந்து கூலிச் சீட்டைப் பார்ப்பதில்லை. ஆனாலும் கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறது, ஆதார் இணைந்திருக்கிறது என்ற அச்சம் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த அச்சமே கூடுதல் நேரத்தைத் தடுக்கப் போதும். ஐயா, நீங்கள் கூலியைக் கையில் கொடுக்கிறீர்களா, வங்கியில் போடுகிறீர்களா?

தேன்குழல், காரைக்குடி

இவ்வாண்டு சித்திரை முதல் வங்கியில்தான் போடுகிறேன். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

தேவகோட்டையான், லண்டன்

பிறந்த ஊர்ப் பேச்சைப் படித்ததும் எழுதத் தோன்றியது. இங்கே பிரிட்டனில் இதே விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது, கணக்குப்பிள்ளை சொன்ன வரம்புதான் அதன் நடுவில் இருக்கிறது. முன்பு இருந்த முறையில் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் என்பது ஒரு வாசற்படி. சில உதவிகள் பதினாறைத் தொட்டால் நின்றன. தனித்து வாழும் தாய்க்கு வேறொரு உதவி பதினாறைத் தொட்டால்தான் தொடங்கியது. பலருடைய வேலை நேரம் அந்த எண்ணைச் சுற்றியே கூடிக் கிடந்தது. அவர்களுடைய ஆசையைக் காட்டிலும் விதியின் வடிவமே அவர்களின் வாரத்தைத் தீர்மானித்தது.

2013-இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட் என்னும் ஒருங்கிணைந்த உதவித்தொகை முறை இந்தப் படியைச் சரிவாக மாற்ற முயன்றது. சம்பளம் ஏற ஏற உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். முதலில் ஒரு பவுண்டு கூடுதலாகக் கையில் வந்தால் 65 பென்ஸ் குறைத்தார்கள். 2017-இல் அது 63 ஆனது. 2021 இறுதியில் 55 ஆனது. ஆனால் சரிவும் செங்குத்தாக இருக்கலாம். வருமான வரி 20, தேசியக் காப்பீடு 8 என்று கழித்தால் ஒரு பவுண்டில் மிஞ்சுவது 72 பென்ஸ். அதில் 55 விழுக்காடு உதவியிலிருந்து போனால் கையில் தங்குவது 32 பென்ஸ் அளவுதான். கூடவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதுவும் இல்லை.

வாசற்படி இன்னும் ஓரிடத்தில் அப்படியே இருக்கிறது. நோயுற்ற உறவினரை வாரம் 35 மணி நேரமாவது கவனித்துக்கொள்பவருக்கு ஓர் உதவித்தொகை உண்டு. 2025-26 ஆம் ஆண்டில் வாரத்துக்கு 196 பவுண்டு வரை அவர் சம்பாதிக்க முடிந்தது. ஒரு பவுண்டு மிஞ்சினாலும் 83 பவுண்டுக்கு மேற்பட்ட உதவி அந்த வாரத்துக்கு முழுவதும் போய்விட்டது. இதை அறியாமல் சில மணி நேரம் கூடுதலாக வேலை செய்த பலர், பின்னர் ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கட்டும்படி கேட்கப்பட்டார்கள். அந்தச் செய்தி பரவியபின் யார் துணிந்து கூடுதல் நேரம் கேட்பார்கள்? உங்கள் ஆறு பெண்களை நினைத்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆத்தங்குடி கல்

எங்கள் தொழிலில் மணிக்கணக்கு இல்லை, கல்கணக்குத்தான். கண்ணாடித் தட்டில் சாயம் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் வேலை. எத்தனை கல் போட்டோமோ அத்தனைக்குக் கூலி. மாலை நான்கு மணிக்கு மேல் கை நடுங்கினால் பூவின் கோடு கலைந்துவிடும். கலைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. நான் ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போவதற்கும் அரிசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உடம்பு சொல்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலை மேற்பார்வை, புதுவயல்

கணக்குப்பிள்ளை அண்ணே, ஒரு சந்தேகம். என் மாதச் சம்பளம் 20,400. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு 21,000 என்பதால், அறுவடைக் காலத்தில் கூடுதல் நேரம் பார்த்தால் வரம்பைத் தாண்டி இஎஸ்ஐ போய்விடும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். என் மனைவிக்குத் தொடர் சிகிச்சை நடக்கிறது. அதனால் இரண்டு ஆண்டுகளாகக் கூடுதல் நேரத்தை மறுத்து வருகிறேன். நான் செய்தது சரிதானா?

கணக்குப்பிள்ளை, புதுவயல்

தம்பி, இதைப் படித்தபோது மனம் கனத்தது. இஎஸ்ஐ வரம்பைப் பார்க்கும்போது கூடுதல் நேரக் கூலியைச் சேர்க்க மாட்டார்கள். உங்கள் வழக்கமான சம்பளம் 21,000-ஐத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. சம்பளத்தில் உங்கள் பங்கான 0.75 விழுக்காடு பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஊதிய உயர்வால் வழக்கமான சம்பளமே இடையில் வரம்பைத் தாண்டினாலும், அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை, அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர் அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அந்த அரையாண்டு முடியும் வரை, நீங்கள் காப்பீட்டில் தொடர்வீர்கள். இரண்டு அறுவடைக் காலங்களை ஒரு தவறான செவிவழிச் செய்திக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஆலையின் கணக்குப் பிரிவு.

கண்மாய்க்கரை, தேவகோட்டை வட்டம்

இவ்வளவு நுணுக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் என் வயல் கேள்வி இன்னும் நிற்கிறது. 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் நூறு நாள் வேலையை 125 நாளாக்கி, விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் 60 நாள் வரை அந்த வேலையை நிறுத்தி வைக்க இடமளித்திருக்கிறது. எனக்கு இது ஆறுதல்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோட்டையூர்

உங்களுக்கு ஆறுதல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கண்மாய் நிறையாத ஆண்டில் களையும் இல்லை, கதிரும் இல்லை. வயலிலும் வேலை இல்லாமல், அரசு வேலையும் நிறுத்தப்பட்டு, ஒரு பெண் அந்த அறுபது நாளை எப்படிக் கடப்பாள்? நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஆண்டுகளை நீங்களும் நானும் பலமுறை பார்த்திருக்கிறோம்.

அடுப்படி, பள்ளத்தூர் பக்கம்

நான் தேன்குழல் ஐயாவிடம் வேலை செய்பவள் இல்லை. வேறொரு கூடத்தில் இதே வேலை செய்கிறேன். எங்களைப் பற்றி எல்லோரும் பேசுவதால் நானும் எழுதுகிறேன்.

பேருந்து இலவசம் ஆவதற்கு முன் எனக்குப் போக வர நாளுக்கு நாற்பது ரூபாய் ஆனது. அப்போது பக்கத்து ஊரிலேயே 250 ரூபாய்க்குப் பாத்திரம் துலக்கினேன். இலவசப் பயணம் வந்த பிறகுதான் காரைக்குடி வரை வந்து 430 ரூபாய் வேலையில் சேர்ந்தேன். அந்த உதவி என் வேலையை அதிகமாக்கியது. ஆனால் அதே பேருந்துதான் மாலையில் என்னை எழுப்பிவிடுகிறது. எங்கள் ஊருக்குக் கடைசி நகரப் பேருந்து ஏழேகாலுக்கு. அதை விட்டால் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஐயா தரும் 225-இல் நூற்றைம்பது போனால் எண்ணெய்ச் சூட்டில் நின்ற இரண்டு மணி நேரத்திற்கு எழுபத்தைந்து ரூபாய். எட்டரை மணிக்கு இருட்டில் தனியாக இறங்கி நடக்க வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் போய்த்தான் உலை வைக்க வேண்டும்.

மாதம் ஆயிரம் ரூபாய் வந்துவிட்டதால் நான் யாருக்கும் அடங்க மாட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். முன்பு அவசரத்துக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்குவேன். வாங்கியவள், இரு என்றால் இருந்தே ஆக வேண்டும். இப்போது அந்த ஆயிரம் ரூபாய் இருப்பதால் முன்பணம் வாங்குவதில்லை. அதனால் இன்று முடியாது என்று சொல்ல வாய் வருகிறது. இதை நீங்கள் வேலைக் குறைவு என்று எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது மூச்சு விடும் இடம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோட்டையூர்

அம்மா, நான் படித்த ஆய்வுகளில் இந்த முன்பணக் கணக்கைப் பார்த்ததில்லை. சிலருடைய வேலை நேரம் குறைந்தது என்று நாம் எண்ணும்போது, முன்பு அந்த நேரம் மனமுவந்து கொடுக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

தேன்குழல், காரைக்குடி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நானே நேரில் கேட்டால் தயங்குவார்கள் என்பதால், ஆத்தாவைக் கேட்கச் சொன்னேன். ஆத்தாவிடம் அவர்கள் மறைக்க மாட்டார்கள். மறுத்த ஆறு பேரில் மூவருக்குப் பேருந்துதான் தடை. இருவர், கூடுதல் பணம் வங்கியில் ஏறினால் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று அஞ்சியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் கணவருக்குக் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. ஆறாவது பெண்ணுக்கு முழங்கால் வலி. போதும் என்று நினைத்து மறுத்தவர் ஒருவரும் இல்லை. நான் முதலில் நினைத்தது தவறு.

மாலை இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு, காலை எட்டரைக்குப் பதிலாக ஏழு மணிக்கே தொடங்குவது என்றும், மாலை அரை மணி நேரம் மட்டும் கூட்டி ஆறரைக்கு முடிப்பது என்றும் பேசியிருக்கிறோம். முதல் நகரப் பேருந்து ஆறே முக்காலுக்குக் காரைக்குடி வந்துவிடுகிறது. பேருந்துக்காகத் தயங்கிய மூவரும் ஒப்புக்கொண்டார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு உட்கார்ந்து பொட்டலம் கட்டும் வேலை.

மீதி இருவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கூடுதல் கூலியைக் கையில் கொடுத்துவிடலாம் என்று கடைத்தெருவில் அறிவுரை வருகிறது. கணக்கில் இல்லாத கூலியாக அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. 1,20,000 என்ற வரம்பு இன்றைய கூலிக்குப் பொருந்தவில்லை என்று, இங்கே கணக்குப்பிள்ளை எழுதிய எண்களையே வைத்து, மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எட்டுப் பேரின் பெயரும் அதில் வராது. முதலாளி என்ற முறையில் என் பெயர் மட்டும் இருக்கும். மனுவின் வாசகத்தைத் திங்கள்கிழமைக்குள் திருத்தித் தர யாராவது முன்வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை, புதுவயல்

நான் திருத்தித் தருகிறேன். ஞாயிறு காலை கூடத்துக்கே வருகிறேன். கூலிப் பதிவேட்டை எடுத்து வையுங்கள்.